கம்ப்யூட்டர் டீச்சரின் கிட்டார்

எங்கள் மெல்லிசைக் குழுவில் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள் கிட்டார் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் மதுரை கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தார். கிட்டாரை யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. கேட்டால், "எனக்கே இன்னும் டோன் சரியா வரல. இதுல அடுத்தவங்களக் கெடுக்கணுமா?" என்பார். குழுவில் பாட்டுக்காரி நான். நான் மட்டும் அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

மேடைக்கு வந்ததும் அக்கா முதலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்பார். உட்காருவதற்கில்லை, காம்போவை ஏற்றி வைப்பதற்கு. ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற சாமான் அது. நல்ல கனம். அதை நாற்காலியில் ஏற்றிச் சற்றே பின்னால் சாய்த்து, ஸ்பீக்கர் தன் முகத்தைப் பார்க்கிற மாதிரி வைப்பார். கல்யாண வீட்டுக்காரர்கள் யாராவது, "அதைக் கீழ வைங்க, நாற்காலி பத்தாது" என்றால், "கீழ வச்சா முழங்காலுக்குத்தான் கேக்கும். முழங்காலா வாசிக்குது?" என்று திருப்பிக் கேட்பார்.

அடுத்தது காலடியில் ப்ரீஆம்ப். சோத்து டப்பா அளவில் ஓர் இரும்புப் பெட்டி, மேலே வரிசையாகக் குமிழ்கள். கிட்டாரிலிருந்து வயர் அதற்குள் போகும். அதிலிருந்து இரண்டு வயர்கள் கிளம்பும். ஒன்று காம்போவுக்கு. அது அக்காவும் பக்கத்தில் நிற்கிற நாங்களும் கேட்பதற்கு. இன்னொன்று கீழே எல்லாச் சத்தத்தையும் கலந்து அனுப்புகிற மிக்சருக்குப் போய், அங்கிருந்து பந்தலின் பெரிய ஸ்பீக்கர்களுக்குப் போகும். அது ஜனங்கள் கேட்பதற்கு.

காம்போவின் முன்பக்கத் துளையில் அக்கா வயரைச் செருகவே மாட்டார். பின்பக்கம் 'ரிட்டன்' என்று ஒரு துளை உண்டு, அதில்தான். முன்பக்கம் செருகினால், ப்ரீஆம்ப் ஒரு தடவை பக்குவப்படுத்தி அனுப்பிய சத்தத்தைக் காம்போ தன் பங்குக்கு இன்னொரு தடவை பிசையுமாம். "சர்க்கரை போட்ட டீக்கு மறுபடியும் சர்க்கரை போட்டுக் குடிப்பியாத்தா?" என்று என்னைக் கேட்டார். வீட்டில் தனியாக வாசிக்கும்போது பேஸையும் ட்ரெபிளையும் கூட்டி, நடுச்சத்தமான மிடிலைக் குறைத்து வைத்தால் கேட்க இதமாக இருக்குமாம். அதையே மேடைக்குக் கொண்டுவந்தால் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து கிட்டாரை விழுங்கிவிடுமாம். அதனால் மேடையில் மிடில் கூட, பேஸ் கம்மி, சத்தத்தைக் கரகரக்க வைக்கிற கெயின் நாம் ஆசைப்படுகிறதில் பாதி. கச்சேரிக்குக் கச்சேரி இதைச் சொல்லிக்கொண்டே குமிழ்களைத் திருகுவார். யாருக்குச் சொல்கிறார் என்று தெரியாது.

இத்தனையும் முடிந்ததும்தான் அவருடைய பெரிய வேலை தொடங்கும். நீளமான வயர் ஒன்று வைத்திருந்தார். அதைக் கிட்டாரில் மாட்டிக்கொண்டு, வாசித்தபடியே மேடையை விட்டு இறங்கி, காலி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கிருந்து மிக்சரில் இருக்கும் பாண்டிக்குச் சைகை காட்டுவார். ஏத்து. கொஞ்சம் இறக்கு. அம்புட்டுத்தான், இப்படியே வையி. முன்வரிசையில் சொந்தக்காரர்களும் பிரமுகர்களும் இருப்பார்கள், அவர்களுக்கு எப்படியும் கேட்டுவிடும். கடைசி நாற்காலிக்காரன் காதில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக விழ வேண்டும். அதைப் பிறர் சொல்லி நம்ப மாட்டார். தானே போய்க் கேட்டால்தான் திருப்தி.

பாண்டி, குழுவை நடத்தும் செல்வராசு அண்ணனின் மச்சினன். செல்வராசு அண்ணன்தான் கீபோர்டு. அக்கா பாண்டியை விரட்டியதற்கு அளவே இல்லை. திருநகரில் ஒரு மண்டபத்தில், சமையல்காரர்கள், நாற்காலி போடுகிறவர்கள் எல்லோரும் பார்க்க, அவன் சட்டைக் கையைப் பிடித்துக் கடைசி வரிசைக்கு இழுத்துப் போய் உட்கார வைத்தார்.

"இப்பக் கேளு. மூணாவது கம்பி கேக்குதா?"

"கேக்குது டீச்சர்."

"பொய் சொல்லாத. கேக்கல. எனக்கே கேக்கல. காதை வீட்லயே கழட்டி வச்சிட்டு வாரியா?"

பாண்டி சிரித்துக்கொண்டே, "சரிங்க டீச்சர், ஏத்திருறேன்" என்றான். அவன் எப்போதும் சிரித்துக்கொண்டே சரிங்க டீச்சர் என்பான். எனக்கு அந்த மண்டபத்தில் கூச்சமாக இருந்தது. அக்காவிடம் சொன்னேன். "கூச்சப்பட்டா சத்தம் வராது" என்றார். என்னையும் விட்டுவைத்ததில்லை. "மைக்கைத் திங்காத, பாடு" என்று மேடையிலேயே காதில் சொல்வார். பாராட்டி ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மேலூர்ப் பக்கம் கோயில் திருவிழாக் கச்சேரி ஒன்று வந்தது. குழுவின் வேனில் காம்போவை ஏற்ற அக்கா விடமாட்டார். மேலே மூட்டையைப் போட்டு அழுத்திவிடுவார்கள் என்று பயம். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினோம். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் காம்போ, பக்கத்தில் அக்கா. நான் நின்றுகொண்டேன். கண்டக்டர் வந்தார்.

"என்னம்மா இது, டிவி பொட்டியா?"

"ஆம்ப்."

"அப்டின்னா?"

"சத்தம் போடுற பொட்டி."

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. அதுக்கெல்லாம் நான் லக்கேஜ் போடுறதில்ல" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. பெட்டிக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிக்கொண்டு, மேலூர் வரைக்கும் அதன் கைப்பிடியைப் பிடித்தபடியே வந்தார். அன்றைக்கு அவர் அண்ணன் கச்சேரி கேட்க வருவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் படபடப்பு வேறு.

அக்காவுக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். விவசாயக் குடும்பம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. போய்க் கூட்டிவந்தது அந்த அண்ணன்தான். தாய் தகப்பன் போன பிறகு அவருக்கென்று இருந்ததும் அந்த ஓர் ஆள்தான். திருநகரில் தனியாக வீடு எடுத்தபோது ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கிட்டாரைப் பற்றி மட்டும், "அந்தப் பொட்டியத் தூக்கிக்கிட்டு எம்புட்டு நாள்தான் அலைவ?" என்பாராம். பல வருஷம் கூப்பிட்டு முதல் தடவையாக வந்தார். மடிப்புக் கலையாத வேட்டி சட்டை. அக்கா அவரைக் கையோடு கூட்டிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார வைத்தார். "இங்க இருண்ணே. இங்கதான் சரியாக் கேக்கும்."

அன்றைக்கு ஒரு பாட்டின் நடுவில் அக்காவின் கம்பி அறுந்துவிட்டது. குனிந்து உட்கார்ந்து புதுக்கம்பி மாட்டிக்கொண்டு, பாட்டு முடிவதற்குள் எழுந்து சேர்ந்துகொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. கச்சேரி முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் மேடையோரம் வந்தார்.

"ஏத்தா, கம்பி அந்துபோயி கீழ உக்காந்திருந்தியே. அப்பவும் கிட்டார் சத்தம் வந்துக்கிட்டேதான இருந்துச்சு?"

"கீபோர்டுல சமாளிப்பாங்கண்ணே."

"அதுக்கு முந்தியும் அதே சத்தம்தான். நீ எந்திரிச்சு வாசிச்சப்பவும் அதேதான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல." குரலைத் தணித்துக்கொண்டார். "தப்பா நினைக்காத. நீ நெசமாவே வாசிக்கிறியா, இல்ல சும்மா டம்மியா நிக்கிறியா?"

அக்காவின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. "கிட்டார் எது, கீபோர்டு எதுன்னு தெரியாத ஆளெல்லாம் எதுக்கு வரணும்?" என்றார்.

"நான் ஒன்னைய நம்பாமக் கேக்கலத்தா..."

"வராத. இனிமே வராத. நானும் அங்க வரல."

சொன்னபடியே செய்தார். பொங்கலுக்குப் போகவில்லை. அண்ணன் மகள் வயசுக்கு வந்தபோது, அண்ணனே திருநகர் வரைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனார். அத்தை வந்து தண்ணி ஊற்றட்டும் என்று அந்தப் பிள்ளையை வெகுநேரம் உட்கார வைத்துக் காத்திருந்தார்களாம். அக்கா போகவில்லை. "எவன் என்ன சொன்னாலும் தாங்கிருவேன். அவன் வாயிலருந்து அந்த வார்த்தை வந்திருக்கக் கூடாது" என்றார் என்னிடம்.

அக்கா வேலை பார்த்த பள்ளியின் ஆண்டு விழாவுக்கே எங்கள் குழுவைக் கூப்பிட்டார்கள். வீடியோ எடுத்தவர், சத்தம் தெளிவாக இருக்கட்டும் என்று மிக்சரிலிருந்தே நேராக வயர் இழுத்துப் பதிவு செய்திருந்தார். அதாவது பெரிய ஸ்பீக்கர்களுக்கு என்ன போனதோ, அது அப்படியே வீடியோவில் இருந்தது. சில நாள் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்கு வந்தார். பள்ளிக்குப் பக்கத்துத் தெருதான். நான் வரவேற்பு மேசையில் இருந்தேன். பள்ளிக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து கொண்டுவந்த ஹெட்போனை என் தலையில் மாட்டி, போனை முன்னால் வைத்தார்.

"கேளு."

என் குரல் கேட்டது. டிரம்ஸ் கேட்டது. கிட்டார் கேட்டது. "நல்லாத்தானக்கா இருக்கு?" என்றேன்.

"என் கையப் பாரு."

பார்த்தேன். அக்கா விரலால் கம்பியை இழுத்து வளைக்கிறார். சத்தம் வளையாமல் நேராகப் போகிறது. சத்தம் நின்ற பிறகும் அவர் கை ஓடிக்கொண்டிருக்கிறது. வந்துகொண்டிருந்தது கீபோர்டில் வைத்த கிட்டார் சத்தம். அக்காவுடையது எங்குமே இல்லை. கொஞ்சமாகக்கூட இல்லை.

"பாண்டி ஏத்த மறந்திருப்பான்க்கா."

அக்கா அதையும் யோசித்திருந்தார். போனில் இன்னொரு வீடியோவை எடுத்தார். மேலூர்த் திருவிழா. கோயில்காரர்கள் எடுத்து எங்கோ போட்டு வைத்திருந்ததைத் தேடிப் பிடித்திருக்கிறார். கம்பி அறுகிறது. அக்கா குனிந்து உட்காருகிறார். கிட்டார் சத்தம் கொஞ்சமும் மாறாமல் போகிறது. எழுந்து நின்று முழு மூச்சாக வாசிக்கிறார். அப்போதும் அது அப்படியே போகிறது. அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்.

"அவன் சொன்னான்" என்றார்.

"யாருக்கா?"

"எங்கண்ணன்."

நோயாளி ஒருவர் டோக்கன் கேட்டு வந்தார். கொடுத்து அனுப்பினேன். அக்கா நின்றபடியே கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாதுக்கா." தெரிய வழியில்லை. மேடையில் என் காலடியில் இருக்கும் ஸ்பீக்கரில் என் குரலும் தாளமும் மட்டும்தான் வரும். கிட்டார் எனக்கு அக்காவின் காம்போவிலிருந்து கேட்கும். நன்றாகவே கேட்கும். வெளியே போவது என்ன என்று மேடையில் நிற்பவருக்குத் தெரியாது.

"நீ அங்கதான நின்ன?"

"நீங்களும் அங்கதானக்கா நின்னீங்க?"

அக்கா ஹெட்போனின் வயரை ஒழுங்காகச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கச்சேரி திருநகரில் ஒரு கல்யாண வரவேற்பு. மத்தியானமே எல்லோரும் மண்டபத்தில் இருந்தோம். அக்கா நேராகப் பாண்டியிடம் போனார். அவன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "மச்சான் சொல்லித்தான் டீச்சர்" என்று மட்டும் சொன்னான். செல்வராசு அண்ணன் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதறவே இல்லை.

"செக்கிங்ல ஏத்துவீங்க. கச்சேரியில இறக்கிருவீங்க. அப்படித்தானே?" என்று அக்கா கேட்டார்.

"ஒங்க டோன்ல ஒரு குத்தமும் கிடையாது டீச்சர். ஆனா நீங்க ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வாசிப்பீங்க. ஜனத்துக்குப் படத்துல கேட்டது அப்படியே வேணும். நான் கீபோர்டுல ஏத்தி வச்சிருக்கேன். அது தப்பாது."

"அப்ப நான் எதுக்கு?"

"என்ன டீச்சர் இப்படிக் கேக்குறீங்க? லேடீஸ் கிட்டார் உண்டான்னு கேட்டுத்தான போனே வருது."

"எப்பருந்து நடக்குது?"

செல்வராசு அண்ணன் உண்மையாகவே யோசித்தார். "ஆரம்பத்துல ஒங்களத்தான் விட்டோம். அப்பறம் நம்ம ஃபிளக்ஸ்ல ஒங்க போட்டோ போட்டோம்ல? அப்பருந்து."

அந்த ஃபிளக்ஸ் போட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க நின்னுருப்பீங்களா?"

அக்கா கிளம்பிப் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். போகவில்லை. நாற்காலி கேட்டு வாங்கிக் காம்போவை ஏற்றினார். சாய்த்து வைத்தார். வயர்களைச் செருகினார். செல்வராசு அண்ணன் எனக்குக் கண்ணைக் காட்டினார், சமாதானமாகிவிட்டார் என்று. எனக்கும் அப்படித்தான் பட்டது.

மாலையில் முதல் பாட்டு ஆரம்பித்தது. அக்கா கிட்டாரைத் தோளில் மாட்டி, இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். பெரிய ஸ்பீக்கரில் கிட்டார் வந்தது. கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. போனைத் தூக்கிப் பிடித்து அவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கவனிக்கவில்லை. பாட்டு முடிந்து கைதட்டினார்கள்.

இரண்டாவது பாட்டு கிட்டாரில்தான் தொடங்கும். அக்கா கையைக் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளையின் நண்பர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான். "ஏ மாப்ள, அங்க பார்றா! கை கட்டிக்கிட்டே வாசிக்குது!"

சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி மண்டபம் முழுக்கப் பரவியது. அக்கா என்ன எதிர்பார்த்தார் என்று எனக்குத் தெரியும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள், செல்வராசு அண்ணனைப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லோர் விரலும் அக்காவைத்தான் காட்டியது. செல்வராசு அண்ணன் ஒரு கையால் வாசித்துக்கொண்டே மைக்கை இழுத்தார். "நம்ம டீச்சர் மனசுக்குள்ளயே வாசிக்கிறாங்க. ஒரு கைதட்டு குடுங்க!"

கொடுத்தார்கள். நன்றாகவே கொடுத்தார்கள். நான் அடுத்த வரியைப் பாட வேண்டியிருந்தது, பாடினேன்.

அக்கா கிட்டாரைக் கழற்றி உறையில் போட்டார். வயர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டினார். ப்ரீஆம்ப்பைப் பைக்குள் வைத்தார். காம்போவை இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, நடுப்பாதை வழியாகவே போனார். கனத்தில் நடை தள்ளாடியது. வழிவிட்டவர்கள் சிரித்துக்கொண்டே விட்டார்கள்.

அந்த வீடியோ போன் போனாகச் சுற்றியது. டம்மி கிட்டார் என்று பேர் வைத்தார்கள். பள்ளியில் பிள்ளைகள் வராந்தாவில் கை கட்டி நின்று காட்டினார்களாம். இனிமேல் மேடை ஏறக் கூடாது என்று நிர்வாகத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் ஏறுவதாக இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

நான் திருநகர் வீட்டுக்கு ஒரு முறை போனேன். காம்போ சமையலறை ஓரத்தில் இருந்தது. அதன்மேல் வெங்காயக் கூடை. அண்ணனிடம் பேசினீர்களா என்று கேட்டேன். அவரும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாராம். அக்கா எடுக்கவில்லை.

"எடுத்துப் பேசுனா என்னக்கா?"

"என்னன்னு பேச? நீ சொன்னது நெசம்தான்ணே, நான் டம்மிதான்னா?"

"நீங்க வாசிச்சீங்கக்கா. நான் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன்."

"நீ கேட்ட." வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "நானும் கேட்டேன். ரெண்டு பேருக்கு வாசிக்கவா அதைப் பஸ் பஸ்ஸாத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன்?"

அதற்கு மேல் பேச விடவில்லை. காபி கொடுத்தார். கதவு வரைக்கும் வந்தார். மறுபடி வா என்று சொல்லவில்லை.

நான் குழுவை விடவில்லை. மதுரையில் பாட்டுக்காரிகளுக்குப் பஞ்சம் கிடையாது, எனக்குத்தான் வேறு மேடை கிடையாது. என் குரலாவது வெளியே போகிறது என்று மாதம் ஒரு முறை வீடியோ வாங்கிப் பார்த்துக்கொள்கிறேன். பாண்டி இப்போது என்னிடம் சரிங்க அக்கா என்கிறான்.

போன மாதம் கே.கே. நகர் பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். கையில் விடைத்தாள் கட்டு. அவராகத்தான் பேச்சை எடுத்தார்.

"இப்ப யாரு கிட்டாரு?"

"ஒரு பொண்ணுக்கா. காலேஜ் படிக்குது."

"எப்படி வாசிக்குது?"

"வாசிக்கவே தெரியாதுக்கா. வயரே செருகுறதில்ல. கைய எங்க வைக்கணும்னு மட்டும் செல்வராசு அண்ணே சொல்லிக் குடுத்திருக்காரு."

"முதல்லயே சொல்லிட்டாரா? சத்தம் போகாதுன்னு?"

"சொல்லிட்டாருக்கா."

அக்கா விடைத்தாள் கட்டை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "அப்ப சரி" என்றார். "அந்தப் பிள்ளைய யாரும் ஏமாத்தல."

திருநகர் பஸ் வந்தது. வாரேன் என்று சொல்லிவிட்டு ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தார். எனக்குத் தெரியாது என்று அன்றைக்குக் கிளினிக்கில் நான் சொன்னதை இப்போதாவது நம்புகிறீர்களா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. பஸ் நிற்கத்தான் செய்தது, கேட்க நேரமும் இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?